முடிக்கப்படாத கதைகளும் முடிக்கும் உரிமையும்

மராத்தியிலும் கன்னடத்திலும் நாவல் என்னும் இலக்கிய வகைக்கு வழங்கும் பெயர் 'காதம்பரி'. ஏழாம் நூற்றாண்டில் பாணபட்டர் வடமொழியில் எழுதிய உரைநடைக் கதையின் பெயர் அது. அக்கதைத் தலைவியின் பெயரும் அதுவே. மேலை நாட்டிலிருந்து புதிய வடிவம் ஒன்று வந்தபோது, அதற்கு நிகராகத் தங்கள் மரபில் இருந்த நீண்ட கதையை நினைவுகூர்ந்து அம்மொழியினர் இப்பெயரைச் சூட்டினர். இதில் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. இரண்டு பெரிய இந்திய மொழிகளில் நாவலுக்கே பெயராகிவிட்ட அந்த நூலை அதன் ஆசிரியர் எழுதி முடிக்கவில்லை. முடித்தவர் அவருடைய மகன்.

தொடங்கிய கதையை முடிப்பதா, அப்படியே விட்டுவிடுவதா என்பது எழுதுபவரின் தனிப்பட்ட மனப்போராட்டமாகவே இன்று கருதப்படுகிறது. இந்திய இலக்கிய வரலாற்றை நோக்கினால், இம்முடிவு எழுத்தாளர் ஒருவருக்கே உரியதாக எப்போதும் இருந்ததில்லை என்பது புலப்படும். மகன், பின்வந்த புலவர், உரையாசிரியர், இதழாசிரியர், வாசகர் எனப் பலரும் அந்த முடிவில் பங்கு கொண்டுள்ளனர். யாருக்கு எப்போது அந்தப் பங்கு கிடைத்தது, எப்போது மறுக்கப்பட்டது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. கதை என்பது யாருடையது என்ற கேள்வியின் வரலாறாகவும் அதைக் கொள்ளலாம்.

1

பாணரிடமிருந்தே தொடங்குவது பொருத்தம். கன்னோசியை ஆண்ட ஹர்ஷவர்த்தனரின் (606–647) அவையைச் சேர்ந்தவர் அவர். அவருடைய இரு பெரும் படைப்புகளான 'ஹர்ஷசரிதம்', 'காதம்பரி' இரண்டுமே முடிவு பெறாதவையாகத் தோன்றுகின்றன. ஆனால் இரண்டும் ஒரே வகையில் நின்றுபோனவை அல்ல.

ஹர்ஷசரிதம் எட்டு உச்சுவாசங்களைக் கொண்டது. தமையனை இழந்த ஹர்ஷர், விந்தியக் காட்டில் தீப்புக முனைந்த தங்கை ராஜ்யஸ்ரீயைக் கண்டு மீட்பதோடும், அன்றைய பொழுது சாய்ந்து இரவு வருவதோடும் நூல் நின்றுவிடுகிறது. பேரரசராக ஹர்ஷர் உயர்ந்த வரலாறு அதில் இல்லை. இதனால் நூல் குறையுடையது எனக் கூறுவோர் உண்டு. ஆனால் நூலின் மூன்றாம் உச்சுவாசத்தில் ஒரு குறிப்பு உள்ளது. அரசரின் கதையைச் சொல்லும்படி உறவினர் கேட்கும்போது, நூறு மனித ஆயுள் கிடைத்தாலும் அதைக் குறையின்றி முழுவதும் சொல்ல யாராலும் இயலாது என்றும், ஒரு பகுதியைக் கேட்க விருப்பமிருந்தால் சொல்லத் தயார் என்றும் பாணர் விடையளிக்கிறார். அவையடக்கமாக இதைக் கொள்ளலாம். அதே வேளையில், தாம் எந்த இடத்தில் நிறுத்தினாலும் அது நிறைவே என்பதற்கு ஆசிரியர் முன்கூட்டியே பெற்றுக்கொண்ட இசைவாகவும் அதைக் கொள்ளலாம். தங்கையை மீட்ட மாலைப்பொழுதில் கதையை நிறுத்துவது, அரியணையைவிட அந்த மீட்பே இக்கதையின் உச்சம் என்று தேர்ந்துகொண்டதன் விளைவாகவும் இருக்கக்கூடும்.

காதம்பரி அப்படிப்பட்டதன்று. சூத்ரகன் என்னும் அரசன் அவைக்கு ஒரு கிளி வருகிறது. அது தன் கதையைச் சொல்கிறது. அதற்குள் ஜாபாலி முனிவர் சொல்லும் கதை விரிகிறது. அதற்குள் இன்னொருவர் சொல்லும் கதை. இப்படிக் கதைக்குள் கதையாக அடுக்கிச் சென்ற பாணரின் பகுதி, காதம்பரியின் காதல் துயரைப் பத்திரலேகை என்னும் தோழி சந்திராபீடனுக்கு எடுத்துரைக்கும் இடத்தில், பேச்சின் நடுவிலேயே அறுந்துபோகிறது. அங்கே ஆசிரியர் எதையும் தேர்ந்துகொள்ளவில்லை. மரணம் குறுக்கிட்டது.

அதன்பின் வருவது மகனின் பகுதி. பூஷணபட்டர் என்றும் புலிந்தர் என்றும் அவர் பெயர் வழங்குகிறது. தம் பகுதியின் தொடக்கச் செய்யுள்களில், தாம் ஏன் இதை எழுதத் துணிந்தார் என்பதற்கு அவர் விளக்கம் தருகிறார். தந்தை விண்ணுலகு எய்தியபோது அவர் சொல்லோடு கதையும் அறுந்தது. அது முடியாமல் கிடப்பதால் நல்லோர் அடைந்த வருத்தத்தைக் கண்டே இதைத் தொடங்கியதாகவும், கவித்துவச் செருக்கினால் அன்று என்றும் அவர் கூறுகிறார். பிற ஆறுகளும் கங்கையில் கலந்து கங்கையாகவே கடலை அடைவதுபோல, தந்தையின் சொற்பெருக்கில் தம் சொல்லையும் சேர்ப்பதாகச் சொல்கிறார். விதைத்தவர் தந்தையே, விளைந்ததை அறுப்பது மட்டுமே தம் பணி என்பது அவர் காட்டும் மற்றோர் உவமை.

இவ்வுவமைகளின் பணிவைப் பாராட்டிவிட்டுக் கடந்துவிடக் கூடாது. அவற்றில் ஒரு கோட்பாடு அடங்கியிருக்கிறது. கதையின் முடிவு ஏற்கெனவே விதைக்குள் இருக்கிறது, ஆகவே அதை வேறு ஒருவர் வெளிக்கொணர முடியும் என்பது அக்கோட்பாடு. கிளி யார், சூத்ரகன் யார், இறந்தவர்கள் எப்படி மீண்டார்கள் என்னும் முடிச்சுகள் எல்லாம் அவிழ்வது மகனின் பகுதியில்தான். இன்று காதம்பரியின் கதையைச் சுருக்கிச் சொல்பவர் எவரும் சொல்வதில் பாதி மகன் எழுதியது. ஆனால் முடிச்சுகளைப் போட்டவர் தந்தை. கிளியையும் சூத்ரகனையும் தொடக்கத்திலேயே நிறுத்திவைத்தவர் அவரே. மேலும், இக்கதையின் வேர் பிருகத்கதை மரபில் இருக்கிறது. எனவே மகன் இருளில் நடக்கவில்லை. பாதை முன்னமே ஓரளவு தெரிந்திருந்தது.

பிறரால் முடிக்கப்படுவதற்கு இன்னொரு தூண்டுதலும் உண்டு, நூலின் தலைப்பு. காளிதாசரின் 'குமாரசம்பவம்' எட்டு சர்க்கங்களோடு நிற்கையில் சிவனும் பார்வதியும் மணந்து கூடியிருக்கிறார்கள். குமாரன் இன்னும் பிறக்கவில்லை. தலைப்பு கொடுத்த வாக்கை நிறைவேற்றுவதுபோல, குமாரன் பிறந்து தாரகனை வெல்வது வரை மேலும் ஒன்பது சர்க்கங்கள் சேர்ந்தன. அவை பிற்காலத்தவை என்பதே அறிஞர் பலரின் முடிவு. மல்லிநாதரின் உரை எட்டு சர்க்கங்களோடு நின்றுவிடுகிறது. ஒருவர் நூலை நீட்டினார்; மற்றொருவர் உரை எழுதாமல் விட்டதன் வழியே நூலின் எல்லையை வரைந்தார். இரண்டும் ஒரே கேள்விக்கான இரு விடைகள்.

2

முடிப்பதா விடுவதா என்னும் கேள்வி மூன்று நூற்றாண்டுகள் நீண்டு கிடந்த வரலாறு தெலுங்கில் உள்ளது. ராஜமகேந்திரபுரத்திலிருந்து ஆண்ட கீழைச் சாளுக்கிய அரசன் ராஜராஜ நரேந்திரனின் வேண்டுகோளை ஏற்று, பதினோராம் நூற்றாண்டில் நன்னயபட்டர் மகாபாரதத்தைத் தெலுங்கில் பாடத் தொடங்கினார். இந்த அரசனின் தாய் முதலாம் ராஜராஜ சோழனின் மகள் குந்தவை. இவனுடைய மகனே பின்னர்ச் சோழ அரியணையில் அமர்ந்த முதலாம் குலோத்துங்கன். நன்னயர் ஆதி பருவத்தையும் சபா பருவத்தையும் முடித்து, ஆரண்ய பருவத்தின் நான்காம் ஆசுவாசத்தில் 142ஆம் பாடலோடு நின்றுவிட்டார். கூதிர்கால இரவின் வருணனையே அவருடைய கடைசிப் பாடலாகக் கொள்ளப்படுகிறது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் நெல்லூர் மனுமசித்தியின் அமைச்சராக விளங்கிய திக்கனர் இப்பணியைக் கையில் எடுத்தார். விராட பருவம் முதல் சுவர்க்காரோகண பருவம் வரை பதினைந்து பருவங்களைப் பாடி முடித்தார். ஆனால் ஆரண்ய பருவத்தில் நன்னயர் விட்ட இடத்தை அவர் தொடவில்லை. பதினைந்து பருவங்களைப் பாடும் ஆற்றல் பெற்ற ஒருவர், ஒரு பருவத்தின் பிற்பகுதியை ஏன் விட்டுச்சென்றார் என்னும் கேள்வி தெலுங்கு இலக்கிய வரலாற்றில் ஓயாமல் எழுப்பப்பட்டு வந்துள்ளது. ஆரண்ய பருவத்தைத் தொட்டவருக்குத் தீங்கு நேரும் என்னும் நம்பிக்கை செவிவழியாக வழங்குகிறது. வேறொரு சான்று திக்கனரின் சொல்லிலேயே இருக்கிறது. விராட பருவத்தின் முன்னுரைப் பகுதியில், நன்னயர் ஆதி முதல் மூன்று நூல்களை இயற்றியதாக அவர் குறிப்பிடுகிறார். இதைக் கொண்டு, நன்னயர் ஆரண்ய பருவத்தை முடித்திருந்தார், பிற்பகுதி பின்னர் அழிந்துபோயிற்று என வாதிடுவோரும் உண்டு. எப்படியாயினும், திக்கனர் செய்தது தெளிவு. முன்னோர் நின்ற இடத்தில் தம் காலை வைக்காமல், அடுத்த பருவத்தின் வாயிலில் புதிதாகத் தொடங்கினார். தம் நூலை ஹரிஹரநாதர் என்னும் தெய்வத்துக்கு உரிமையாக்கினார்.

நடுவிலிருந்த இடைவெளியைப் பதினான்காம் நூற்றாண்டில் நிரப்பியவர் எர்ரனர். அத்தங்கியை ஆண்ட ரெட்டி மரபின் புரோலய வேமா ரெட்டியின் அவைப்புலவர் அவர். தம் 'ஹரிவம்ச'த்தைத் தம் அரசனுக்கே அவர் உரிமையாக்கினார். ஆனால் ஆரண்ய பருவத்தின் எஞ்சிய பகுதியை, மூன்று நூற்றாண்டுக்கு முன் மறைந்துபோன ராஜராஜ நரேந்திரனுக்கு உரிமையாக்கினார். நன்னயரே பாடியதுபோல அப்பகுதியை அமைத்தார். நன்னயரின் நடையில் தொடங்கிப் படிப்படியாகத் திக்கனரின் நடையை நோக்கி நகர்ந்து, இரு கரைகளுக்கும் பாலமாகத் தம் பகுதியைக் கட்டினார் என்று தெலுங்குத் திறனாய்வாளர் பாராட்டுவர்.

ஓர் அவைப்புலவர், தமக்குச் சோறிடும் அரசனுக்குரிய பெருமையை மறைந்துபோன வேறொரு மரபின் அரசனுக்குக் கொடுத்தது சிறு செய்தியன்று. நன்னயருக்கும் அவர் அரசனுக்கும் இடையில் நிறைவேறாமல் நின்ற ஒரு வாக்குறுதியை அவர் நிறைவேற்றினார். வாக்குறுதி தம்முடையதன்று, ஆகவே பெயரும் தமக்கு வேண்டியதில்லை என்பது அவர் நிலைப்பாடு. பூஷணபட்டரின் ஆற்று உவமையும் எர்ரனரின் உரிமையுரையும் ஒரே மனநிலையிலிருந்து பிறந்தவை. முடியாத கதை என்பது ஒரு கடன். எழுதியவர் மறைந்தால் கடன் மறைவதில்லை. தகுதியுள்ள எவரும் அதைத் தீர்க்கலாம், தீர்ப்பவர் அதனால் உரிமையாளர் ஆகிவிடுவதும் இல்லை.

இந்நிலைக்கு ஒரு புறக்காரணம் உண்டு. பாரதத்தின் முடிவு எல்லோரும் அறிந்தது. பாண்டவர் காட்டிலிருந்து மீள்வர் என்பதை நன்னயர் பாடித்தான் ஒருவர் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. எனவே நூல் பாதியில் நின்றபோது குறைபட்டது நிகழ்ச்சியன்று, பாட்டு மட்டுமே. பாட்டின் குறையை இன்னொரு புலவரால் நிறைக்க முடியும்.

3

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சும் மாத இதழும் நாவலும் வந்தபின் இந்த அடித்தளம் மாறியது. முடிவு இப்போது எழுதுபவர் மனத்தில் மட்டுமே இருந்தது. வாசகர் அதை மாதம்தோறும் காத்திருந்து பெற வேண்டியிருந்தது. இந்தப் புதிய சூழலில் முடிப்பதும் விடுவதும் எப்படிப் பொருள் மாறின என்பதற்கு வங்கத்திலிருந்தும் இந்தியிலிருந்தும் மூன்று எடுத்துக்காட்டுகள் போதுமானவை.

முதலாவது சரத்சந்திரர். அவர் ரங்கூனில் கணக்குத் துறை அலுவலகத்தில் எழுத்தராகப் பணியாற்றிய காலம். 1912இல் அவர் குடியிருந்த மரவீடு தீப்பற்றி எரிந்தது. அவர் சேர்த்த புத்தகங்களும், தீட்டிய ஓவியங்களும், 'சரித்ரஹீன்' நாவலின் கையெழுத்துப் பிரதியும் அதில் அழிந்தன. எழுதுபவரின் தயக்கத்துக்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை. கைவிடுவதற்கு யாரும் குறை கூறாத ஒரு நல்வாய்ப்பு என்றுகூட இதைச் சொல்லலாம். அவரோ அதை மீண்டும் எழுதினார். எழுதியபின் இன்னொரு தடை வந்தது. உணவு விடுதி ஒன்றில் பணிப்பெண்ணாக இருக்கும் சாவித்திரியை மையத்தில் நிறுத்திய அக்கதை ஒழுக்கத்துக்கு ஒவ்வாது எனக் கருதப்பட்டது. பெயர்பெற்ற இதழ் ஒன்று அதை ஏற்கவில்லை. 'ஜமுனா' என்னும் சிறிய இதழில் அதன் பகுதிகள் வெளியாயின. 1917இல் முழு நூலாக வந்தது.

நெருப்பு ஒரு கதையை அழித்தபோது சரத்சந்திரருக்கு உதவிக்கு வரக்கூடிய புலவர் எவரும் இல்லை. சாவித்திரிக்கு என்ன நேரும் என்பது பிருகத்கதையிலோ பாரதத்திலோ எழுதப்பட்டிருக்கவில்லை. அவர் எழுதாவிட்டால் அந்தப் பெண் இல்லை. முன்பு தீர்க்கப்பட வேண்டிய கடனாக இருந்தது, இப்போது ஓர் உயிரைக் காப்பதா விடுவதா என்னும் கேள்வியாக மாறிவிட்டதை இங்கே காணலாம்.

இரண்டாவது எடுத்துக்காட்டு ரவீந்திரநாத தாகூர். 1927இல் உபேந்திரநாத் கங்கோபாத்யாய நடத்திய 'விசித்திரா' இதழில் 'தீன் புருஷ்' என்ற பெயரில் அவர் ஒரு தொடரைத் தொடங்கினார். மூன்று தலைமுறை என்பது அதன் பொருள். அவினாஷ் கோஷாலின் முப்பத்திரண்டாம் பிறந்தநாளோடு கதை தொடங்குகிறது. தொடக்கத்துக்கும் ஒரு தொடக்கம் உண்டு என்று சொல்லிக் கதை பின்னோக்கிச் செல்கிறது. அவினாஷின் பெற்றோரான மதுசூதனன், குமுதினி ஆகியோரின் திருமணத்துக்கும் முன்னே போகிறது. சில மாதங்களிலேயே தாகூர் தலைப்பை 'யோகாயோக்' என மாற்றி, ஏன் மாற்றினார் என்பதையும் அதே இதழில் எழுதினார். தொடர் நிகழ்ந்துகொண்டிருந்தபோதே, 1928இல், 'சேஷேர் கவிதா'வையும் எழுதினார். 1929இல் இரண்டும் நூலாக வெளிவந்தன.

யோகாயோகில் மூன்று தலைமுறை இல்லை. குமுதினியின் கதை மட்டுமே இருக்கிறது. நலிந்துபோன பழைய ஜமீன் குடும்பத்தின் பெண் அவள். புதுப் பணத்தின் செருக்குடைய வணிகன் மதுசூதனன். மணவாழ்வின் அவமதிப்பைத் தாங்காமல் தமையன் விப்ரதாஸிடம் திரும்பிய அவள், கருவுற்றிருப்பதை அறிந்து கணவன் வீட்டுக்கு மீண்டும் செல்ல நேர்கிறது. பிள்ளைக்காகவும் இழக்க முடியாத ஒன்று மனிதருக்கு உண்டு என்று அவள் தமையனிடம் சொல்கிறாள். அவர்களுக்குரிய பிள்ளையை அவர்களிடம் கொடுத்துவிட்டு ஒரு நாள் தன்னை விடுவித்துக்கொள்ளப்போவதாகவும் கூறுகிறாள். நாவல் அங்கே நிற்கிறது. முதல் வரியில் நமக்கு அறிமுகமான முப்பத்திரண்டு வயது மனிதனை நாம் மீண்டும் சந்திப்பதே இல்லை.

இதை முடிந்த நாவல் என்பதா, கைவிடப்பட்ட நாவல் என்பதா? வகுப்பறையில் இக்கேள்வி வெறும் வகைப்பாட்டுச் சிக்கலாகத் தோன்றும். ஆனால் விடையைப் பொறுத்துக் குமுதினியின் தலைவிதி மாறுகிறது. முடிந்த நாவல் என்று கொண்டால், அவள் திரும்பிச் செல்வதே முடிவு. தாய்மை பெண்ணின் எதிர்ப்பை எப்படி விழுங்கிவிடுகிறது என்பதைச் சொல்லும் கசப்பான நூலாக அது நிற்கிறது. கைவிடப்பட்ட நாவல் என்று கொண்டால், அவள் சொன்ன சொல் இன்னும் நிலுவையில் இருக்கிறது. முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் அவள் எங்கே இருந்தாள் என்பது எழுதப்படாத பகுதிக்குரிய செய்தி. முதல் அத்தியாயத்தில் அவினாஷ் இருப்பதால், பிள்ளை பிறந்து வளர்ந்தான் என்பது மட்டும் உறுதி. தாய் விடுபட்டாளா என்பதைப் பனுவல் சொல்லவில்லை.

தாகூர் அந்த முதல் அத்தியாயத்தை நூலாக்கத்தில் நீக்கியிருக்கலாம். சில வரிகளை மாற்றியிருந்தால் மூன்று தலைமுறைத் திட்டத்தின் சுவடே இல்லாமல் போயிருக்கும். தலைப்பை மாற்றியவர் தொடக்கத்தை மாற்றவில்லை. கைவிட்ட திட்டத்தின் அடையாளத்தை நூலின் வாயிலிலேயே நிற்கவிட்டார். இதன் பயன், நூலைப் படிக்கும் ஒவ்வொருவரும் இது இன்னும் பெரிய ஒன்றின் பகுதி என்பதை அறிந்தே படிக்கிறார் என்பதுதான். பாணர் ஹர்ஷசரிதத்தில் ஒரு பகுதியை மட்டுமே சொல்வேன் என்று முன்னுரைத்ததோடு இதை ஒப்பிடலாம். பாணர் சொல்லால் பெற்ற இசைவைத் தாகூர் அமைப்பால் பெறுகிறார்.

4

மூன்றாவது எடுத்துக்காட்டு பிரேம்சந்த். 'கோதான்' வெளியான 1936ஆம் ஆண்டு அக்டோபர் 8 அன்று அவர் மறைந்தார். அப்போது அவர் எழுதிக்கொண்டிருந்த 'மங்கள்சூத்ர' நாவல் சில அத்தியாயங்களோடு நின்றுவிட்டது. அதன் நடுவில் இருப்பவர் தேவ்குமார் என்னும் எழுத்தாளர். வாழ்நாள் முழுவதும் இலக்கியத்துக்கே உழைத்துப் பொருள் சேர்க்காதவர். முன்பு மலிவாகக் கைவிட்டுப்போன சொத்தை மீட்க வழக்காட வேண்டும் என மகன் வற்புறுத்த, அறத்துக்கும் உலகியலுக்கும் இடையில் தடுமாறுகிறார். அந்தத் தடுமாற்றம் எங்கே கொண்டுசேர்க்கும் என்பதே நாவலின் உயிர். அதை எழுதும் முன் ஆசிரியர் மறைந்தார்.

பிரேம்சந்தின் மகன் அம்ரித் ராய் தந்தை இறந்தபோது பதினைந்து வயதுச் சிறுவர். பின்னாளில் அவரும் நாவலாசிரியரானார். தந்தையின் வாழ்க்கை வரலாறான 'கலம் கா சிபாஹி'யை 1962இல் எழுதியவரும் அவரே. தந்தையின் நடையையும் மனப்போக்கையும் அவர் அளவுக்கு அறிந்தவர் அரிது. மங்கள்சூத்ரவை 1948இல் அவர் வெளியிட்டார். ஆனால் அதை எழுதி முடிக்கவில்லை. தந்தை விட்ட இடத்தில் விட்டபடியே அச்சிட்டார்.

பூஷணபட்டருக்கும் அம்ரித் ராய்க்கும் இடையில் பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு மேற்பட்ட தொலைவு. இருவரும் எழுத்தாளரின் பிள்ளைகள், இருவரும் எழுதத் தெரிந்தவர்கள், இருவர் கையிலும் தந்தையின் முடியாத கதை. ஒருவர் முடித்ததும் மற்றவர் முடிக்காததும் அவரவர் இயல்பால் மட்டும் நேர்ந்தவை அல்ல. ஏழாம் நூற்றாண்டில் முடிக்காமல் விடுவது தந்தைக்குச் செய்யும் குறை. இருபதாம் நூற்றாண்டில் முடிப்பதே குறையாகிவிடும். தேவ்குமார் வழக்காடுவாரா என்பதைப் பிரேம்சந்த் அல்லாத ஒருவர் தீர்மானித்தால், அவர் எவ்வளவு நெருங்கியவராயினும், அது பிரேம்சந்தின் பெயரில் சொல்லப்பட்ட வேறொருவர் கருத்தாகும் என்னும் எண்ணம் அதற்குள் வேரூன்றிவிட்டது.

இந்த மாற்றம் முழுமையானது என்று கொள்வதற்கும் இடமில்லை. சரத்சந்திரர் 1938இல் மறைந்தபோது 'சேஷேர் பரிசய்' நாவல் முடியாமல் கிடந்தது. கவிஞர் ராதாராணி தேவி அதை எழுதி முடிக்க, 1939இல் நூலாக வெளிவந்தது. தொடரை மாதம்தோறும் படித்து நடுவில் நின்றுபோன வாசகரின் ஏக்கம், பூஷணபட்டர் குறிப்பிட்ட நல்லோரின் வருத்தத்திலிருந்து வேறானதன்று. எனவே பழைய கோட்பாடு அழிந்து புதியது வந்தது என்பதைவிட, இரண்டும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு அருகருகே வாழ்கின்றன என்பதே பொருத்தமான கூற்று. வேறுபாடு ஒன்று உண்டு. எர்ரனர் தம் பெயரை மறைத்து நன்னயருக்குள் கரைந்தார். ராதாராணி தேவி முடித்தார் என்பது வெளிப்படையாகத் தெரிகிறது. வாசகர் தையல் விழுந்த இடத்தை அறிந்தே படிக்கிறார். நவீன காலத்தில் முடிப்பதற்கு இடமுண்டு. ஆனால் யார் முடித்தார் என்பதை மறைப்பதற்கு இடமில்லை.

5

இவற்றிலிருந்து ஆய்வு மாணவர் பெறக்கூடிய முறையியல் பயன் ஒன்று உண்டு. 'முற்றுப்பெறாத நூல்' என்னும் ஒரே தலைப்பின்கீழ் இலக்கிய வரலாறுகள் பட்டியலிடுபவை ஒரே தன்மை உடையவை அல்ல. ஆசிரியரின் மரணத்தால் நின்றவை உண்டு. ஆசிரியரே தேர்ந்து நிறுத்தியவை உண்டு. நின்ற இடத்தைப் பின்வந்தவர் தொடாமல் மதித்தவையும், தொட்டு நிறைத்தவையும் உண்டு. எழுதப்பட்டு அழிந்தவையும் உண்டு. பட்டியலில் ஒரு சொல்லில் அடங்கிவிடும் இவற்றைப் பிரித்துப் பார்க்கும்போதுதான், அந்தந்தக் காலம் ஆசிரியர் என்பவரை எப்படிக் கருதியது என்பது விளங்கும். உரிமையுரை, நூல்முகச் செய்யுள், தலைப்பு மாற்றம், உரை நின்ற எல்லை, இதழில் வந்த பகுதிக்கும் நூலாக வந்ததற்கும் உள்ள வேறுபாடு ஆகியவை இவ்வகை ஆய்வுக்கு முதன்மைச் சான்றுகள். பெரும்பாலும் அடிக்குறிப்பில் ஒதுக்கப்படும் செய்திகள் இவை.

மேலும் ஒன்று. கைவிடுதலைத் தோல்வி எனக் கொள்ளும் பழக்கம் திறனாய்வில் வலுவாக இருக்கிறது. திக்கனர் விட்டுச்சென்ற இடைவெளியைத் தோல்வி என்று தெலுங்கு மரபு கொள்ளவில்லை. அந்த இடைவெளி இருந்ததால்தான் எர்ரனருக்கு அதில் இடம் கிடைத்தது. கவித்ரயம் என இம்மூவரையும் ஒருசேரப் போற்றும் வழக்கமே ஒரு முடியாத பருவத்தைச் சுற்றி அமைந்தது. தாகூர் மூன்று தலைமுறையை எழுதியிருந்தால் குமுதினி ஒரு குடும்ப வரலாற்றின் முதல் பகுதியாகக் கடந்துபோயிருப்பாள். அவர் நிறுத்தியதால் அவள் நின்றாள். அதே வேளையில், எரிந்த பிரதியை மீண்டும் எழுதிய சரத்சந்திரரை மறந்துவிட்டு, கைவிடுதல் எல்லாம் கலை என்று கொண்டாடுவதும் தவறு. அவர் எழுதாமல் விட்டிருந்தால் அதைக் கலைத்தேர்வு என்று பாராட்ட எவருக்கும் எதுவும் எஞ்சியிருக்காது.

முடிப்பதா விடுவதா என்று தயங்கும் எவரும் தம்மிடம் இருக்கும் கதை எவ்வகையைச் சேர்ந்தது என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. முடிவு ஏற்கெனவே பிறருக்கும் தெரிந்த கதையானால், அதை இன்று விட்டாலும் நாளை ஓர் எர்ரனர் வரக்கூடும். முடிவு தம் மனத்தில் மட்டுமே இருக்கும் கதையானால் அப்படி எவரும் வரப்போவதில்லை. சொல்ல வேண்டிய பகுதி சொல்லப்பட்டுவிட்டது என்றால், பாணர் ஒரு மாலைப்பொழுதில் நிறுத்தியதுபோல நிறுத்தலாம். பத்திரலேகையின் பேச்சு நடுவில் நிற்கிறது என்றால், அதை முடிக்கும்வரை எழுதியவருக்கு அந்தக் கடன் உண்டு.